அறுபதில் எழுதியது, ஐம்பதில் ஓடுவது

வினாடிக்கு அறுபது தரம் துடிக்கும் மின்சாரத்தில் வளர்ந்த சாமான்களை, ஐம்பது தரம் துடிக்கும் எங்கள் ஊர் மின்சாரத்தோடு வாழப் பழக்குவதுதான் என் தொழில்.

கடை என்னுடையதல்ல, நேசனுடையது. விசுவமடுச் சந்திக்குச் சற்றுத் தள்ளி, எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை. நேசன் ஒரு காலத்தில் என்னிடம் பௌதிகவியல் படித்தவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. நான் ஓய்வுபெற்ற வருடம் கடைக்குள் ஒரு கதிரையைப் போட்டு, "டீச்சர், கம்பியை நான் சுத்துறன், கணக்கை நீங்கள் பாருங்கோ" என்றான். அன்றிலிருந்து பார்க்கிறேன். நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று வருவதை அறுபதால் வகுத்து வினாடிக்கு ஆக்குவேன். கனடாத் துடிப்பை இலங்கைத் துடிப்பாக்குவேன். பழுதுபார்க்கும் கடையில் குந்தியிருந்து காலம் கழித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: கணக்கு எப்போதும் லேசானது, அதைக் கேட்க வருகிறவர்கள்தான் லேசில்லை.

மிச்சப் பத்து

கனடாவில் இருந்து ஒருவர் தாய்க்கு அரைக்கும் மிசின் ஒன்று அனுப்பியிருந்தார். கூடவே வோல்ட்டைக் குறைக்கும் பெட்டியும் வந்திருந்தது. தாய் மிசினை மடியில் வைத்துக்கொண்டு, "பெட்டி பூட்டியும் இது களைச்சுக் களைச்சு அரைக்குது" என்றா. எல்லோரும் செய்கிற பிழை இது. பெட்டி வோல்ட்டைத்தான் குறைக்கும். துடிப்பை அது தொடாது. மிசினின் அடியில் ஒட்டிய தகட்டில் அறுபது என்று எழுதியிருக்கிறது, எங்கள் சுவரில் இருந்து வருவது ஐம்பது. ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும். அதுதான் களைப்பு.

"தகட்டை நம்புங்கோ, வேற ஒண்டையும் நம்பாதேங்கோ" என்று நேசனுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததை அந்த அம்மாவுக்கும் சொன்னேன். அவ தகட்டை விரலால் தடவிப் பார்த்தா. பிறகு சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தா. அதற்கு அப்பால் யாரோ நிற்பதைப் போலக் கொஞ்சம் விலகி இருந்துகொண்டு கேட்டா:

"அப்ப டீச்சர், அந்த மிச்சப் பத்துத் துடிப்பும் எங்க போகுது?"

நிலத்தில் ஒரு நாக்கு

எங்களிடம் ஒரு பழைய அளவுப் பெட்டி இருக்கிறது. கைக்கு அடக்கமானது. முகப்பில் வரிசையாக மெல்லிய உருக்கு நாக்குகள், ஒவ்வொன்றின் கீழும் ஒவ்வொரு எண். ஓடும் இயந்திரத்தின் உடம்பில் பெட்டியை வைத்தால், அதன் வேகத்துக்குரிய நாக்கு மட்டும் நடுங்கும். மற்றவை சும்மா இருக்கும். வகுப்பில் ஒரு பெயரைக் கூப்பிட்டால் ஒரு பிள்ளை மட்டும் எழும்புவதைப் போல.

ஒட்டுசுட்டானில் முத்தையா என்பவருக்குப் புது வாட்டர் பம்ப் பூட்டிக் கொடுக்கப் போனோம். மலையகத்தில் இருந்து வந்து, காடு வெட்டி, வயலாக்கிய குடும்பம். பம்ப் இன்னும் பெட்டிக்குள் இருந்தது. அன்று ஊரில் கரண்ட் இல்லை. நான் அளவுப் பெட்டியைக் கிணற்றுக்குப் பக்கத்து வெறும் நிலத்தில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். ஆயிரத்து ஐந்நூறு என்ற நாக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு என்றால் வினாடிக்கு இருபத்தைந்து. நேசன் வீதிவரை நடந்து போய்ப் பார்த்தான். லொறி இல்லை, மில் இல்லை, உழவு மிசின்கூட இல்லை. பெட்டியை நாலடி தள்ளி வைத்தேன். நாக்கு அடங்கியது. திரும்பவும் பழைய இடத்தில் வைத்தேன். நடுங்கியது.

முத்தையா குந்தியிருந்து அதையே பார்த்தார். சண்டையில் ஊரைவிட்டு ஓடியபோது, ஆயிரத்து ஐந்நூறு சுற்றில் ஓடுகிற தன்னுடைய பழைய எஞ்சினுக்குக் கிறீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றி, இந்த வளவில்தான் எங்கோ புதைத்ததாகச் சொன்னார். திரும்பி வந்தபோது அடையாளத்துக்கு விட்டுப்போன மரம் இல்லை. ஐந்தாறு இடத்தில் தோண்டியும் கிடைக்கவில்லை. எண்ணெய் இல்லாமல் மண்ணுக்குள் எஞ்சின் ஓடாது என்று நான் விளக்கத் தொடங்கினேன். நேசன் மண்வெட்டியை எடுத்தான். முத்தையா எழுந்து அதை வாங்கி வேலியில் சாத்தினார்.

"வேணாம் விடுங்க டீச்சரம்மா, ஓடுதுன்னா போதும்."

குரல்

தவமணிக்கு அவவுடைய தமையன் கனடாவில் இருந்து ஒரு பழைய டேப் பிளேயரும் ஒரு கசெட்டும் அனுப்பியிருந்தார். சண்டைக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்புவது வழக்கம். இது தவமணியின் மகள் பன்னிரண்டு வயதில் மாமனுக்குப் பேசி அனுப்பியது. மகள் பதின்மூன்றைக் காணவில்லை. பிளேயருக்குள் இருந்தது கரண்டின் துடிப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற மோட்டார். ஆகவே எல்லாம் மெதுவாக, தணிந்து கேட்டது. அறுபதில் இருந்து ஐம்பதுக்கு இறங்குவது, சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், சாதாரண காந்தாரத்தில் இருந்து சட்ஜத்துக்கு இறங்குவது. ஒரு பெண் நிதானமாக, களைப்பில்லாமல், "மாமா, எனக்கு ஒரு கலர்ப் பென்சில் பெட்டி அனுப்புங்கோ" என்றாள். முப்பது வயதுக் குரல்.

நேசன் ஆணி கழற்றத் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தான். மோட்டாரின் தலையில் சற்றுப் பெரிய சில்லு ஒன்றைப் பூட்டினால் போதும், பத்து நிமிட வேலை. தவமணி கசெட்டை மீண்டும் முதலில் இருந்து போட்டா. பென்சில் பெட்டி வரும்வரை கேட்டா. பிறகு நேசனின் கையில் இருந்த திருப்புளியை மெதுவாக மேசைமேல் வைத்தா.

"மாத்தாதேங்கோ டீச்சர், இருந்திருந்தா அவளுக்கு இப்ப இந்தக் குரல்தானே."

பத்து நிமிடம் விழுங்கும் மணிக்கூடு

பரமேஸ்வரி அக்கா வந்தது முறைப்பாட்டோடு. "டீச்சர், தம்பி அனுப்பின மணிக்கூடு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிசம் விழுங்குது. மருந்து குடுக்கிற நேரமெல்லாம் பிழைக்குது. கோயில்ல மத்தியானப் பூசை மணி கேக்குது, இது பத்து எண்டு காட்டுது."

சுவரில் மாட்டிக் கரண்டில் செருகும் வட்ட மணிக்கூடு அது. பற்றரி இல்லை. துடிப்பை எண்ணித்தான் முள்ளை நகர்த்தும். அறுபது துடிப்பு வந்தால் ஒரு வினாடி என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஐம்பதை வைத்துக்கொண்டு அது மிச்சப் பத்துக்காகக் காத்திருக்கிறது. பாவம், ஏமாற்றவில்லை, காத்திருக்கிறது.

கடையின் வழக்கப்படி, பொருளைக் கழற்ற முதல் வீட்டில் ஓடுகிறபோது ஒருதரம் போய்ப் பார்ப்பேன். அக்காவின் கணவர் கந்தையா அண்ணை முன்னறையில் கட்டிலில் கிடந்தார். நீர்ப்பாசனத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர். வாய்க்காலில் யாருக்கு எத்தனை மணித்தியாலம் தண்ணீர் என்று முறை பார்த்துத் திறந்துவிடுவது முப்பது வருடமாக அவருடைய வேலை. நோய் வயிற்றில். பெரியாஸ்பத்திரியில் மூன்று மாதம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா தம்பி என்று கூப்பிடும் ஒரே மகன் ரூபனுக்குக் கனடாவில் பயணப் பத்திரம் கிடைக்கவில்லை. கிடைத்தால்தான் வரலாம். கிடைக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டில் எல்லோரும் சுவாசித்தது ஆஸ்பத்திரி சொன்ன மூன்று மாதத்துக்கும் பத்திரம் கேட்ட மூன்று மாதத்துக்கும் இடையில் இருந்த சந்துக்குள்தான்.

அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனா. அண்ணை கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"டீச்சர், இந்த மணிக்கூட்டின்ர கணக்குப்படி மூண்டு மாசம் எவ்வளவு வரும்?"

தொண்ணூறை அறுபதால் பெருக்கி ஐம்பதால் வகுப்பது. மனத்துக்குள்ளேயே வந்துவிட்டது. "நூற்றெட்டு நாள், அண்ணை."

"பதினெட்டு நாள் கூட," என்றார். கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டுமா என்று பார்க்கிறவரின் முகம். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போவதைவிட நிற்பதுதான் அதிகம் என்று எனக்கும் தோன்றியது. குசினியில் கோப்பைகள் சத்தமிட்டன. அவர் குரலை இறக்கினார்.

"திருத்த ஏலாதெண்டு அவவிட்டைச் சொல்லிப்போடுங்கோ."

ஏலாது

சொன்னேன். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லிக் கொடுத்த வாயால், "இதுக்கு ஒண்டும் செய்ய ஏலாது அக்கா" என்றேன். அக்கா நம்பினா. கடையில் நேசனுக்கு உண்மையைச் சொல்லவில்லை. வெட்கம்தான். அவன் கேட்டால் என்ன சொல்வது? ஒரு மனிதனின் உயிரை மணிக்கூடு பிடித்துக்கொண்டிருக்கிறது என்றா?

ஆனால் தொண்ணூறாம் நாள் போனது. தொண்ணூற்றைந்தும் போனது. கிழமைக்கு ஒருதரம் கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பேன். அண்ணை மெலிந்துகொண்டுதான் போனார், ஆனால் மெதுவாக. பேச்சு மெதுவாக. ஒரு மிடறு தண்ணீரை விழுங்க எடுக்கும் நேரமும் மெதுவாக. சும்மா இருந்து அவருடைய மூச்சை என் கைக்கடிகாரத்தில் எண்ணினேன். நிமிடத்துக்குப் பத்து. சுவரில் இருந்ததில் எண்ணினேன். பன்னிரண்டு. அறுபதுக்கு ஐம்பது, பன்னிரண்டுக்குப் பத்து. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. உங்களில் யாராவது எண்ணியிருப்பீர்களா?

தொண்ணூற்றாறாம் நாள் ரூபனுக்குப் பத்திரம் கிடைத்தது. அக்கா கடைவாசலில் நின்று அழுதுகொண்டு சொன்ன செய்தியைக் கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத நேசன் சொன்னான்:

"பாத்தீங்களோ டீச்சர், டொக்டர்மாரின்ர கணக்கும் பிழைக்கும்."

இரண்டு சுற்று

நூறாம் நாள் மழை. குளங்கள் நிரம்பி வான்பாய்ந்து, மரங்கள் விழுந்து, கரண்ட் போய்விட்டது. வர மூன்று நாளாகும் என்றார்கள். பதினொரு மணிபோல அக்கா குடை திரும்பி நனைந்த கோலத்தில் கடைக்கு வந்தா.

"மணிக்கூடு நிண்டுபோச்சுது டீச்சர். அந்த மனுசன் அதைப் பாத்துக்கொண்டு மூச்சுவிடக் கஷ்டப்படுறார். தம்பி நாளைக்கு மத்தியானம் வந்திடுவான். ஏதாவது செய்து ஓட வைச்சுத் தாங்கோ."

எங்கள் கடையில் வெளிநாட்டுச் சாமான்களைச் சோதிக்க ஒரு சிறிய ஜெனரேட்டர் உண்டு. எஞ்சினில் இருந்து பெல்ட்டில் ஓடுவது. ஆயிரத்து ஐந்நூறு சுற்றில் ஓட்டினால் ஐம்பது, கப்பியை மாற்றி ஆயிரத்து எண்ணூறில் ஓட்டினால் அறுபது. அதையும் வோல்ட்டுப் பெட்டியையும் லான்ட்மாஸ்ரர் உழவு மிசினில் ஏற்றி, மழைக்குத் தகரம் பிடித்துக்கொண்டு போனோம். நேசன் கிணற்றடித் தாழ்வாரத்தில் அதை இறக்கிவிட்டுக் கேட்டான்: "டீச்சர், அறுபதுக் கப்பிதான் பூட்டிக் கிடக்குது. ஐம்பதுக்கு மாத்தவோ?"

மணிக்கூட்டைத் திருப்பித் தகட்டைப் பார்த்தேன். கடையில் பன்னிரண்டு வருடமாக வந்த பழக்கம். நூற்றெட்டு நாள் கணக்குப் போட்ட அதே மூளை. தகட்டில் அறுபது என்று இருந்தது.

"வேண்டாம், இதுக்கு அறுபதுதானே," என்றேன்.

எஞ்சின் பிடித்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைச் சரியாகப் பன்னிரண்டில் வைத்துச் சுவரில் மாட்டினேன். மணிக்கூட்டின் மெல்லிய ரீங்காரம் எழும்பியது. எப்போதும் இருந்ததைவிடச் சற்று மேலே, சட்ஜத்தில் இருந்து காந்தாரத்துக்கு. காதுக்குத் தெரிந்தது. தெரிந்தும், நல்லாயிருக்கிறதே என்று மட்டும்தான் நினைத்தேன். அண்ணையின் நெஞ்சு தணிந்தது. கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தார். நாளை பன்னிரண்டுக்கு மகன் வந்துவிடுவான் என்று அக்கா அவர் காதில் சொன்னா.

"மிச்ச நாளெல்லாம் எனக்கு வேண்டாம், டீச்சர்," என்றார். "இது இரண்டு சுத்துச் சுத்தி வரட்டும். அது மட்டும் நான் இருப்பன்."

வாய்க்கால்

அடுத்த நாள் பதினொன்றரைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. ரூபன் வந்த வான் பரந்தனுக்கு அங்கால் வெள்ளத்தில் மறிபட்டு நிற்பதாகப் போன் வந்திருந்தது. பின்னேரம் ஆகும் என்று அக்கா சொன்னா. நேசன் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். முன்னறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தேன். பதினொன்று முப்பத்தாறு. என் கையைப் பார்த்தேன். பதினொன்று முப்பத்தாறு.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைக்கமாட்டேன். தொழிலாளியின் சந்தோஷம்: இந்த மணிக்கூடு ஊருக்கு வந்த நாளில் இருந்து முதல்தரம் சரியாக ஓடியிருக்கிறது. பிறகுதான் மற்றக் கணக்கைப் போட்டேன். ஐம்பதில் ஓடியிருந்தால் இரண்டு சுற்று முடிய இருபத்தெட்டு மணியும் நாற்பத்தெட்டு நிமிடமும் எடுத்திருக்கும். இன்று பின்னேரம் ஐந்தாகப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போதுதான் அது பன்னிரண்டைத் தொட்டிருக்கும். அந்த நாலே முக்கால் மணித்தியாலத்தை ஒரு கப்பியில் நான் கொண்டுபோயிருந்தேன்.

கிணற்றடிக்குப் போனேன். எஞ்சினை நிற்பாட்டும் பிடியில் கையை வைத்தேன். நிற்பாட்டினால் முள் நிற்கும். நேசன் நிமிர்ந்து, "என்ன டீச்சர்?" என்றான்.  நான் பௌதிகவியல் படித்தவள், அவனுக்கும் படிப்பித்தவள். முள் நின்றால் மனிதன் நிற்பான் என்று நம்புகிறேன் என்று அவனுடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கப்பட்டேன். நேற்று மணிக்கூடு நின்றபோது அவர் பட்ட பாட்டையும் நினைத்தேன். எது காரணம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "ஒண்டுமில்லை, பெல்ட் சூடோ எண்டு பாத்தனான்," என்றேன். கையை எடுத்தேன்.

திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அண்ணை சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தண்ணீரின் ஓசையை வைத்தே மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர், ரீங்காரம் கெதி கூடியதை முதல்நாளே கேட்டிருப்பார். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இண்டைக்கு வாய்க்கால் கெதியா ஓடுது, என்ன டீச்சர்?"

நாலு இருபது

பன்னிரண்டுக்கு முள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. சுவரில் இருந்ததற்கும் என் கையில் இருந்ததற்கும் ஒரு வினாடி வித்தியாசம் இல்லை. அவருடைய மூச்சு வெளியே போனது. நான் அடுத்ததுக்காகக் காத்திருந்தேன், அந்த மணிக்கூடு முன்பெல்லாம் மிச்சப் பத்துக்காகக் காத்திருந்த மாதிரி. அக்காவின் கையைப் பிடித்தேன். நேசன் வந்து பார்த்துவிட்டுப் போய் எஞ்சினை நிற்பாட்டினான்.

நாலு இருபதுக்கு ரூபன் வந்தான். வாசலில் பெட்டியை வைத்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்ற மறந்து உள்ளே வந்தான். ஐம்பதில் ஓடியிருந்தால் முள் பன்னிரண்டைத் தொட்டிருக்கும் நேரத்துக்கு இன்னும் இருபத்தெட்டு நிமிடம் இருந்தது. அதை எண்ணியது அந்த அறையில் நான் ஒருத்திதான். அழுது முடித்து, கன நேரத்துக்குப் பிறகு, அவன் நின்றுபோன மணிக்கூட்டைப் பார்த்து, "அப்பா எத்தினை மணிக்கு அம்மா?" என்று கேட்டான். அக்கா என் தோளில் கையை வைத்தா. நன்றியோடு வைத்த கை அது. நான் இதுவரை தாங்கியவற்றில் அதுபோல் பாரமானது வேறில்லை.

"சொன்ன மாதிரிச் சரியாப் பன்னிரண்டுக்கு, தம்பி. திருத்த ஏலாதெண்டு சொன்ன டீச்சர்தான் கடைசி நாளிலை மணிக்கூட்டைச் சரியா ஓட வைச்சுத் தந்தவா."

ஆயிரம் சாமானை அறுபதில் இருந்து ஐம்பதாக்கிய இந்தத் தொழிலில் நான் விட்ட ஒரே பிழை, ஒரே ஒருநாள் கணக்குச் சரியாக வந்ததுதான்.